கைகாட்டியும் கணிப்பொறிப் படிப்பும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தி, இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தராய்ப் பணிபுரியும் நாம், கணிப்பொறி அறிவியல் பட்டப்படிப்பைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். அப்படிப்பின் நுட்பங்களைக் கற்றோர் உரைக்கட்டும். பிள்ளைகளை அதற்கு அனுப்பும் பெற்றோரின் பக்கம் நின்று சில சொற்கள் கூறுவதே நம் நோக்கம்.

பாறசாலை, தனுவச்சபுரம், நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று நிலையந்தோறும் காலை வண்டியில் ஏறும் இளைஞர் கூட்டத்தை நாம் அனைவரும் காண்கிறோம். அவர்களுள் பலர் திருவனந்தபுரத்தையும் கடந்து கழக்கூட்டம் செல்வோர். அங்கே 1990இல் நிறுவப்பட்ட டெக்னோபார்க், இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்காவாகும். வண்டி செல்லும் தொலைவிலேயே வேலை இருக்கக் கண்ட நம் காலனிப் பெற்றோர், நகையை அடகு வைத்தேனும் பிள்ளையைக் கணிப்பொறி படிக்க வைக்க விரும்புவதில் வியப்பில்லை. ஆயினும் அப்படிப்பு யாது என்பதை அறிந்து அனுப்புவோர் மிகச் சிலரே.

கணிப்பொறியை இயக்கப் பழகுவதே கணிப்பொறிப் படிப்பு என்று பலரும் எண்ணுகின்றனர். வண்டியில் ஏறி அமர்வது வேறு. வண்டிகள் ஒன்றோடொன்று மோதாமல் ஓட வகை செய்வது வேறு. இப்பட்டப்படிப்பு இரண்டாவதைச் சேர்ந்தது. அதன் அடித்தளம் கணக்கு. அதன் சுவர் தருக்கம். நிரல் எழுதுதல் அவ்விரண்டின் மேல் வேயும் கூரையே.

இதற்குச் சான்று நம் தொழிலிலேயே உண்டு. ஒற்றைப் பாதையில் இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட பகுதிக்குள் ஒரு வண்டி புகுந்துவிட்டால், அது வெளியேறும்வரை மற்றொரு வண்டிக்குக் கைகாட்டி இறங்காது. இவ்விதியை அறியாத இருப்புப்பாதை ஊழியர் இலர். ஆலந்து நாட்டு அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1960களின் தொடக்கத்தில், ஒரே நேரத்தில் ஓடும் பல நிரல்கள் நினைவகத்தின் ஓரிடத்தைத் தொட்டுக் குழப்பாமல் இருக்க வழி தேடினார். ஒன்று உள்ளே இருக்க மற்றவை வெளியே காத்திருக்க வேண்டும் என்று விதி வகுத்து, அதற்கு இருப்புப்பாதையிலிருந்தே பெயர் எடுத்து, ‘செமஃபோர்’ என்று வழங்கினார். செமஃபோர் என்பது நம் கைகாட்டியே அன்றி வேறன்று. பாதையோரத்தில் கைகாட்டி மரங்கள் பெரும்பாலும் மறைந்து வண்ண விளக்குகள் வந்துவிட்டன. ஆயினும் கணிப்பொறி மாணவர் படிக்கும் இயக்க அமைப்புப் பாடத்தில் கைகாட்டி இன்றும் நிற்கிறது.

மற்றொன்றும் காண்போம். திருவனந்தபுரத்தில் ஒருவரும் சென்னையில் ஒருவரும் ஒரே நொடியில் ஒரே படுக்கையைக் கேட்டால் யாருக்குக் கொடுப்பது? பேரேட்டில் கையால் எழுதிய காலத்தில், ஒவ்வொரு நிலையத்திற்கும் இத்தனை இடம் என்று பங்கிட்டு வைத்தனர். 1985இல் தில்லியில் தொடங்கிய கணிப்பொறி முன்பதிவும், 2002இல் வந்த இணையவழிச் சீட்டும் அச்சிக்கலை வேறு வகையில் தீர்த்தன. ஒருவர்க்கு எழுதி முடியும்வரை அவ்விடம் பூட்டப்பட்டிருக்கும். காத்திருப்போர் பட்டியலோ முன் வந்தவர் முன் செல்லும் வரிசை. பூட்டைத் தரவுத்தளப் பாடத்திலும், வரிசையைத் தரவுக் கட்டமைப்புப் பாடத்திலும் மாணவர் கற்பர். ஆகவே, நம் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இது முற்றிலும் அயலான கல்வியன்று. ஈரோட்டில் பிறந்த பேராசிரியர் வி. இராசராமன், 1960களில் கான்பூர் ஐ.ஐ.டி.யில் இக்கல்வியை இந்நாட்டில் வேரூன்றச் செய்தவர்களுள் ஒருவர் என்பதையும் நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும்.

அங்ஙனமாயின் இடர் எங்கே உள்ளது? சொல்லில் உள்ளது என்பதே நம் துணிபு.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் தாய்த் தமிழகத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அன்று முதல் இவ்வெல்லைச் சிற்றூர்களில் வாழும் தமிழ்ப் பிள்ளை, வீட்டில் தமிழும் தெருவில் மலையாளமும் பேசி, கல்லூரியில் ஆங்கிலத்தை எதிர்கொள்கிறது. நம் காலனிப் பெண் ஒருத்தி, கணக்கில் முதன்மை பெற்றவள், கல்லூரியின் முதற் பருவத்தில் வாய் திறவாது அமர்ந்திருந்தாள். ஆசிரியர் கூறிய ‘வேரியபிள்’ என்பது, பள்ளி இயற்கணிதத்தில் அவள் நாள்தோறும் எழுதிய ‘மாறி’ என்பதை எவரும் அவளுக்குச் சொல்லவில்லை. ‘அர்ரே’ என்பது அணி. ‘லூப்’ என்பது மடக்கு. பொருள் அறிந்தவள் பெயர் அறியாமையால் தன்னை அறிவிலி என்று எண்ணினாள். இவ்வாறு மனம் ஒடிந்து முதலாண்டிலேயே படிப்பை விட்டுவிட்டால், இழப்பு அடகு நகையோடு முடிவதில்லை.

இதற்கு மருந்து நம் கையிலேயே உள்ளது. தமிழ்நாட்டரசின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் நூல்கள் தமிழில் உள்ளன. பொருள் செலவின்றி இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். முன்னதில் சி பிளஸ் பிளஸ் மொழியும், பின்னதில் பைத்தான் மொழியும் விளக்கப்பட்டுள்ளன. கல்லூரி திறக்கும் முன் உள்ள விடுமுறையில் அந்நூல்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அருகருகே வைத்துப் படித்த பிள்ளை, முதற் பருவத்தில் தடுமாறாது.

பெற்றோர் முன்னரே முடிவு செய்ய வேண்டியது மற்றொன்று உண்டு. எல்லையில் வாழ்வோர்க்கு இரண்டு கதவுகள் உள்ளன. இரண்டிற்கும் திறவுகோல் வேறு. தமிழ்நாட்டில் 2007 முதல் பொறியியற் சேர்க்கைக்கு நுழைவுத்தேர்வு இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குக் கணக்கிடுவர். கேரளத்திலோ நுழைவுத்தேர்வும் உண்டு. மேனிலைத் தேர்வு மதிப்பெண்ணும் அதனோடு சேரும். தமிழ்நாட்டைப் பூர்விகமாகக் கொண்டு இங்கே படித்த பிள்ளைகள் அங்கே விண்ணப்பிக்கப் பிறப்பிடச் சான்றிதழ் வேண்டும். தேர்வு முடிவு வந்தபின் அலுவலகம் அலுவலகமாக அலைவதினும், பதினொன்றாம் வகுப்பிலேயே எக்கதவு என்று தெளிந்து, தாள்களைத் திரட்டி வைத்தல் நன்று.

பொறியியல் ஒன்றே வழி என்றும் எண்ணற்க. பி.எஸ்சி. கணினி அறிவியல், பி.சி.ஏ. ஆகியவையும் பட்டங்களே. 2024 முதல் கேரளப் பல்கலைக்கழகங்களில் மூன்றாண்டில் பட்டம் பெற்று வெளியேறலாம். நான்காம் ஆண்டும் படித்தால் சிறப்புப் பட்டம் பெறலாம். சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய நிரலாக்கமும் தரவு அறிவியலும் சார்ந்த இணையவழிப் பட்டப்படிப்பில் சேர ஜே.இ.இ. தேர்வு வேண்டியதில்லை. நான்கு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் போதும், அகவை வரம்பில்லை, வருவாய் குறைந்த குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. பெண்பிள்ளையைத் தொலைவில் விடுதிக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

“இயந்திரமே நிரல் எழுதும் காலம் வந்துவிட்டதே; இனி இப்படிப்பு எதற்கு?” என்று வினவுவோர் உளர். வண்ண விளக்குகள் தாமே மாறும் நிலையங்களிலும் நிலைய அதிகாரி இருக்கிறார் அல்லரோ? விளக்கு ஏன் சிவந்தது என்று அறிந்தவரே பழுது நேர்ந்தபோது வண்டியைக் காப்பர். பொத்தானை அழுத்த மட்டும் பழகியவர்க்கு இடர் உண்டு. அடிப்படை கற்றவர்க்கு வேலையின் முறை மாறுமேயன்றி, கல்வி வீணாகாது.

எனவே, சங்கத்தாரிடம் நம் வேண்டுகோள் ஒன்றே. நம் மன்றத்து அறையை ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் முதலாண்டு மாணவர்க்கு ஒதுக்குக. காலை வண்டியில் கழக்கூட்டம் செல்லும் நம் இளைஞர்கள், தாம் கற்றதைத் தம் தாய்மொழியில் தம் தம்பி தங்கையர்க்கு எடுத்துரைக்க முன்வருக. பலகை ஒன்றும் சுண்ணக்கட்டியும் போதும். பழைய கணிப்பொறி ஒன்று கிடைப்பின் இன்னும் நன்று. வருகைப் பதிவேட்டை எழுதும் பணியை நாம் ஏற்கிறோம். பேரேடு எழுதுவது நமக்குப் பழகிய தொழிலன்றோ!

வளர்க நம் சங்கம்! வாழ்க தமிழ்!