கெடு தவறினால் கதவு சாத்தப்படும்

(சங்கப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



ஆட்கொணர்வு மனு என்பது என்ன? 'பிடித்த ஆளைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்து. எந்தச் சட்டப்படி பிடித்தாய், சொல்' என்று அரசாங்கத்தையே கேட்கும் மனு. ஏழைக்கும் திறந்திருக்க வேண்டிய கதவு அது. அந்தக் கதவுக்குக் கடிகாரம் மாட்டினால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவைப் பார்த்துத் தெரிந்துகொள்வோம்.

அங்கே மாநிலக் கோர்ட்டு தண்டித்த கைதி, தன் அரசியல் சட்ட உரிமை மீறப்பட்டது என்று மத்திய கோர்ட்டில் இந்த மனுவைப் போடலாம். முன்பு இதற்கு இத்தனை நாள் என்ற கணக்கு இல்லை. 1995-இல் ஓக்லஹோமா நகரில் குண்டு வெடித்து 168 பேர் மாண்டார்கள். அந்த ஆத்திரம் ஆறுமுன், 1996 ஏப்ரலில் ஒரு சட்டம் வந்தது. அப்பீல் முடிந்து தண்டனை உறுதியான நாளிலிருந்து, பொதுவாக, ஒரே ஆண்டு கெடு. மாநிலக் கோர்ட்டில் முறைப்படி போட்ட மறுபரிசீலனை மனு நிலுவையில் இருக்கும் நாட்கள் மட்டும் கணக்கில் கழியும்.

குண்டு வைத்தவனைக் காட்டிக் கொண்டுவந்த சட்டம், எழுதப் படிக்கத் திணறும் ஏழைக் கைதியின் கழுத்தில் விழுந்தது. இந்த மனுவுக்கு அரசு செலவில் வக்கீல் கேட்கும் அரசியல் சட்ட உரிமை அங்கே கிடையாது.

கெடுவின் கொடுமைக்கு ஓகையோ மாநிலக் கைதி ஒருவரின் வழக்கே சாட்சி. மனு தள்ளுபடியானபின் அப்பீல் செய்ய நீதிபதி அவருக்கு 17 நாள் கொடுத்தார். சட்டத்தில் இருந்ததோ 14 நாள். நீதிபதி குறித்த தேதிக்கு ஒரு நாள் முன்பே அப்பீல் போய்ச் சேர்ந்தது. ஆனாலும் செல்லாது என்று 2007-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று தீர்ப்பளித்தது. ஸ்டேஷன் பலகையில் தப்பான நேரத்தை எழுதிவிட்டு, வண்டியைத் தவறவிட்டது பயணியின் குற்றம் என்பது போலத்தானே இது!

வக்கீல் கைவிட்ட கைதிக்குக் கெடுவைத் தளர்த்தலாம் என்று 2010-லும், நிரபராதி என்பதற்கு வலுவான புதிய சான்று இருந்தால் கெடு தடையாகாது என்று 2013-லும் அதே நீதிமன்றம் சொன்னது. ஆனால் நிரூபிக்கும் சுமை கைதியின் தலையில்தான்.

நம் நாட்டில் ஆட்கொணர்வு மனுவுக்கு இப்படி ஓராண்டுக் கெடு இல்லை. ஆனால் 1976-இல், நெருக்கடி நிலையின்போது, அந்தக் கதவையே உச்ச நீதிமன்றம் சாத்தியது. நீதிபதி கன்னா ஒருவர்தான் எதிர்த்து எழுதினார். அந்தத் தீர்ப்பு தவறு என்று 2017-இல்தான் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது.

பிழைக்க வந்த ஊரில் நம் பிள்ளையைப் போலீஸ் பிடித்தால் நாமும் நாளை எண்ண வேண்டும். 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். வழக்கைப் பொறுத்து 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமை. ஆனால் குற்றப்பத்திரிகை வருமுன் நாம் கேட்க வேண்டும். வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். காவலில் இருப்பவருக்கு இலவச வக்கீல் உண்டு. பாஷை தெரியாது என்று பயந்து சும்மா இருக்க வேண்டாம்.

பிடித்த தேதியை அன்றே எழுதி வையுங்கள். அன்றே சங்கத்துக்கு வாருங்கள். சேர்ந்து நாளை எண்ணுவோம், சேர்ந்து கதவைத் தட்டுவோம்!