பல்கலைக்கழகமும் அம்மாவின் தோடும்

(பூலாம்பாடியில் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, பாரதிதாசன் பல்கலைக்கழகம் 1982இல் வந்தது. அதற்கு முன்னால் திருச்சியில் இருந்தது சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதுகலை மையம்தான். சாதியைச் சாடிய கவிஞர் பேரை வச்சாங்க. பேர் வைக்கிறது சுலபம்.

என்னைப் படிக்க வச்சது உதவித்தொகை. அம்பேத்கர் வைசிராய் நிர்வாக சபையில் இருந்த காலத்தில், 1944இல் தொடங்கினது அது. நான் படிச்ச கல்லூரியில், பேர் வேண்டாம், உதவித்தொகை வரலைன்னு தேர்வு நுழைவுச் சீட்டைப் பிடிச்சு வச்சாங்க. அம்மா தோட்டை அடகு வச்சுக் கட்டினேன். பணம் மறுவருசம் வந்தது. தோடு மூழ்கிப்போச்சு.

இப்ப தரச்சான்று, தரவரிசைன்னு பேசுறாங்க. வேணும்தான், நம்ம பட்டத்துக்கும் மதிப்பு வேணுமில்ல? ஆனா துறைவாரியா தலித் பேராசிரியர் எத்தனை பேர்? முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து பாதியில நின்னவங்க எத்தனை பேர்? இதையும் தரத்துல சேர்த்து எண்ணணும். குரும்பலூரில் பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரி வந்தப்ப நம்ம தெருப் பொண்ணுங்க பஸ் ஏறினாங்க. அது பின்னால அரசுக் கல்லூரியாச்சு. எனக்குத் தெரிஞ்ச பெருமை அந்த பஸ்தான்.

தகவல் உரிமைச் சட்டம் 2005இல் வந்தாச்சு. கட்டணம் பத்து ரூபாய். மாதிரி மனு கொண்டாந்திருக்கேன். ஆளுக்கு ஒரு துறையைப் பிரிச்சுக்குங்க.