பேட்டைக் கடைகளின் வளர்ச்சியும் தேய்வும்

ஊர்விட்டு ஊர் குடியேறுவோர் முதலில் வீட்டைத் தேடுகின்றனர். அடுத்துக் கடையைத் தேடுகின்றனர். பெங்களூரில் குடியேறிய தமிழர்களாகிய நாமும் அவ்வாறே செய்தோம். நம் பேச்சைப் புரிந்துகொண்டு அரிசியும் புளியும் நிறுத்துத் தந்த கடைக்காரரே புதிய ஊரில் நமக்கு முதல் அறிமுகமானார். அத்தகைய கடைகள் எவ்வாறு பெருகின, ஏன் தேய்கின்றன என்பதைச் சிறிது ஆராய்வோம்.

முன்னாளில் இந்நகரின் வாணிகம் பழைய பேட்டையிலும் கண்டோன்மெண்டிலும் குவிந்திருந்தது. சிவாஜிநகரின் ரஸ்ஸல் மார்க்கெட் 1927-இல் எழுந்தது. பின்னர் நகரம் தெற்கே விரிந்தது. 1948-இல் கவர்னர் ஜெனரலாயிருந்த இராஜாஜி ஜெயநகருக்கு அடிக்கல் நாட்டினார். பழைய சந்தைகள் தொலைவாகிவிடவே, நான்காம் பிளாக்கில், பேருந்து நிலையத்தின் அருகே, பெரிய கடைவளாகம் ஒன்று எழுந்தது. 1976-இல் பெங்களூர் வளர்ச்சி ஆணையம் அமைந்தது; இந்திராநகர், கோரமங்கலா ஆகிய பகுதிகளிலும் ஆணையத்தின் வளாகங்கள் தோன்றின. மளிகை, மருந்து, தையல், எழுதுபொருள் ஆகிய யாவும் நடந்து செல்லும் தொலைவில் கிடைத்தன.

தேய்வுக்குக் காரணங்கள் பல. கடைக்காரர் வாடகைக்கு இருப்பவர். கட்டடமோ பொது நிறுவனத்தினுடையது. ஆதலின், ஒழுகும் கூரையைச் செப்பனிடும் பொறுப்பு இருவருக்கும் இடையே நின்றுவிடுகிறது. கார்கள் பெருகின, அவற்றை நிறுத்த இடமில்லை. இந்திராநகர் நூறடிச் சாலையில் வீடுகளே கடைகளாயின. 2004-இல் கோரமங்கலாவில் ஃபோரம் மால் திறக்கப்பட்டது. 2007-இல் அதே கோரமங்கலாவில் பிளிப்கார்ட் நிறுவனம் இணையவழியே புத்தகம் விற்கத் தொடங்கியது. கடைக்குச் செல்லும் வழக்கத்தையே மாற்றிய வாணிகம், கடைவளாகத்தின் அண்டையிலேயே பிறந்தது! பெருமால்களும் மாறுதலுக்குத் தப்பவில்லை. அன்றைய ஃபோரம் இன்று நெக்ஸஸ் என்னும் பெயர் தாங்கி நிற்கிறது.

பழைய வளாகங்களை இடித்துத் தனியார் துணையுடன் புதிதாகக் கட்டும் திட்டங்கள் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டு வந்துள்ளன. புதுப்பித்தல் வேண்டுவதே. எனினும், உயர்ந்த வாடகையைச் சிறு வணிகர் தாங்குவரா? அவர் வெளியேறினால், கார் இல்லாத முதியோர் எங்குச் செல்வர்? கையில் பணமில்லாத மாதக் கடைசியில் கணக்கெழுதிப் பொருள் தருபவர் யார்? கட்டுவோர் இவ்வினாக்களுக்கு முதலில் விடை காணவேண்டும்.

நம் பங்கும் ஒன்று உண்டு. வாரத்தில் ஒரு நாளேனும் அண்டைக் கடைக்கு நடந்து செல்வோம். அவருடைய மொழியில் நாம் நாலு சொல் பேசுவோம். நம் மொழியில் அவரும் நாலு சொல் பேசுவார்.