காய்ச்சல் விட்ட நாளில்தான் கவனம் வேண்டும்

(நமது சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அதிரையில் ஐப்பசி, கார்த்திகை மழையோடு காய்ச்சலும் வந்துவிடும். பிள்ளைக்கு மூன்று நாள் அனலாய்க் கொதிக்கும்; நாமும் தூங்காமல் பார்ப்போம். நான்காம் நாள் உடம்பு குளிர்ந்ததும், "அப்பாடா, விட்டுடுச்சு" என்று கண்ணயர்வோம். டெங்குவாக இருந்தால் அந்த நேரம்தான் ஆபத்தானது.

காய்ச்சல் தணியும்போது, பெரும்பாலும் மூன்று முதல் ஏழாம் நாளுக்குள், சில பிள்ளைகளுக்கு இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வயிற்றிலும் நெஞ்சிலும் சேரும். இரத்தம் கெட்டியாகி, அழுத்தம் இறங்கும். இந்தக் கசிவு 24 முதல் 48 மணி நேரம் இருக்கும். அப்போது மருத்துவமனையில் அளவறிந்து திரவம் ஏற்றினால் பெரும்பாலான பிள்ளைகளைக் காப்பாற்றிவிடலாம்.

எந்தப் பிள்ளைக்கு முற்றும் என்று முதல் நாளே உறுதியாகச் சொல்லும் பரிசோதனை இல்லை. கைக்குழந்தைகளுக்கும், முன்பே ஒருமுறை டெங்கு வந்தவர்களுக்கும் ஆபத்து கூடுதல். உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வகுத்த எச்சரிக்கை அறிகுறிகளே நமக்கு வழிகாட்டி. அவற்றில் வீட்டிலேயே தெரிபவை:

• விடாத வயிற்று வலி
• அடிக்கடி வாந்தி
• ஈறு, மூக்கில் இரத்தம்
• சோர்ந்து கிடப்பது, அல்லது காரணமின்றி நிலைகொள்ளாமல் அழுவது

கை கால் சில்லிட்டாலும், ஆறு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலும் உடனே 108-ஐ அழையுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

எல்லாரும் கேட்பது, "தட்டணு எவ்வளவு?" என்றுதான். அது மட்டும் போதாது. தட்டணு வேகமாகக் குறையும்போது, இரத்தத்தின் கெட்டித்தன்மையைக் காட்டும் பி.சி.வி. அளவு ஏறுகிறதா என்று மருத்துவர் பார்ப்பார். அதனால் பழைய ரிப்போர்ட்டுகளையும் எடுத்துச் செல்லுங்கள். காய்ச்சலுக்கு மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால் மட்டும் கொடுங்கள்; ஆஸ்பிரின், இபுபுரூஃபன் கூடவே கூடாது.

2017-இல் தமிழகத்தில் 23 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு டெங்கு வந்தது. அரசுக் கணக்குப்படி 65 பேர் இறந்தார்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளைக்குக் காய்ச்சல் தொடங்கிய தேதியையும் நேரத்தையும் காலண்டரில் குறித்து வையுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். ஞாயிறுதோறும் மொட்டைமாடித் தொட்டி மூடி, ஃப்ரிட்ஜ் பின்தட்டு, பூந்தொட்டித் தட்டு மூன்றையும் பாருங்கள். இந்தக் கொசு பகலில் கடிப்பது; வளர்வதும் நம் வீட்டு நல்ல தண்ணீரில்தான்.