வீடு மாறுவதா, வீட்டை மாற்றுவதா?

"இந்த வீட்டிலேயே இருப்பதா, வேறு வீட்டிற்குப் போவதா?" என்னும் வினா பெரும்பாலான குடும்பங்களில் என்றேனும் ஒரு நாள் எழுகின்றது. என் இல்லத்தில் அவ்வினா ஐந்து ஆண்டுகள் விடையின்றிக் கிடந்தது. வாழ்நாளெல்லாம் கணக்குக் கற்பித்த ஒரு தலைமையாசிரியனுக்கு இது பெருமை தரும் செய்தி அன்று. நான் பிழை செய்த இடத்தைச் சொன்னால் பிறரேனும் அதைத் தவிர்க்கலாம் என்றே சொல்ல முற்படுகின்றேன்.

என் ஊர் திருப்பூரை அடுத்த முதலிபாளையம். வீடு என் தந்தையார் 1958இல் கட்டியது. மண் சுவர், நாட்டு ஓட்டுக் கூரை, முன்னே திண்ணை, நடுவே ஆசாரம், பின்னே கொங்கு நாட்டார் பொடக்காளி என்று வழங்கும் புறக்கடை. என் இளமையில் வீட்டைச் சுற்றிச் சோளமும் பருத்தியும் விளைந்தன. பின்னர்ச் சிட்கோ தொழிற்பேட்டை வந்தது; பின்னலாடை வடிவமைப்பைக் கற்பிக்கும் கல்லூரியும் வந்தது. ஏர் சென்ற பாதையில் இன்று பனியன் மூட்டை ஏற்றிய வண்டிகள் செல்கின்றன.

நகரத்தில் பணிபுரியும் என் மகன், "அங்கேயே ஓர் அடுக்குமாடி வீடு வாங்கிக்கொள்ளலாமுங்க அப்பா" என்றான். "தந்தை கட்டிய வீட்டை விடேன்" என்றேன். அவன் அப்பேச்சை விட்டுவிட்டான். நான் வென்றுவிட்டதாக எண்ணிக்கொண்டேன். ஆனால் அந்த ஐந்து ஆண்டுகளில் வீட்டை விட்டுப் போகவும் இல்லை. வீட்டில் ஓர் ஓட்டை மாற்றவும் இல்லை.

ஐப்பசி மழையில் ஓர் இரவு, என் மனைவி பொடக்காளிப் படியில் வழுக்கி விழுந்தார், கையெலும்பு முறிந்தது. கட்டுப் போட்டுத் திரும்பிய பின், "ஏன் விளக்கை எடுத்துச் செல்லவில்லை?" என்று கடிந்துகொண்டேன். அவர் சொன்னார்: "ஏனுங்க, கதவிலிருந்து குளிக்கிற அறைக்கு முப்பத்திரண்டு எட்டுங்க, நடுவில மூணு படிங்க. இருட்டில நான் எண்ணிக்கிட்டேதான் போறனுங்க. அன்னைக்கு எண்ணிக்கை தப்பிப்போச்சுங்க."

நான் பள்ளியிலே பகலைக் கழித்தவன். அந்த வீட்டிலே பகலும் இரவும் உழைத்தவர் அவர். வீட்டைப் பற்றி என் மகனோடு வாதாடினேன். அவரை ஒரு சொல் கேட்டேனில்லை. இருந்த இடத்தில் சும்மா இருப்பதை உறுதி என்று நான் பெயரிட்டு வைத்திருந்தேன். அது புறக்கணிப்பு என்பது அன்றுதான் விளங்கிற்று.

எங்கள் திருப்பூரும் ஒரு காலத்தில் இதே வினாவின் முன் நின்றது. சாயக் கழிவு நொய்யலாற்றில் பல்லாண்டுகள் கலந்தது. பாசனத்திற்காகக் கட்டப்பட்டு 1992இல் நிறைவுற்ற ஒரத்துப்பாளையம் அணையில் வயலுக்கு ஆகாத நீர் தேங்கிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் எழுநூற்றுக்கும் மேற்பட்ட சாய, சலவை ஆலைகளை மூட ஆணையிட்டது. சிலர் வேறிடம் தேடினர். பலர் இங்கேயே இருந்து, கழிவுநீரைச் சவ்வுகளின் வழியே வடித்து, நீரையும் உப்பையும் பிரித்து மீண்டும் சாயத்தொட்டிக்கே அனுப்பும் நிலையங்களைச் சீர்செய்தனர். குற்றம் கழிவை வெளியேற்றிய முறையில் இருந்தது. முறையைத் திருத்தாமல் இடம் மாறியிருந்தால் இன்னோர் ஆறு கெட்டிருக்கும். வேண்டிய திருத்தத்தை நாமே செய்யாது காலம் தாழ்த்தினால், ஒரு நாள் கட்டாயம் வந்து செய்விக்கும். ஊருக்கு நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. எனக்கு முறிந்த கை வந்தது.

அதன்பின் ஒரு தாளை எடுத்து, மனைவியையும் மகனையும் அருகில் அமர்த்தி, மூன்று பத்திகள் வரைந்தேன். முதற்பத்தியில் வீட்டின் குறைகள்: ஒழுகும் கூரை, புகை சூழும் சமையலறை, எட்டாத் தொலைவில் குளியலறை. இரண்டாவதில் இடத்தின் குறைகள்: வண்டிகளின் இரைச்சல், கோடையில் நீர்த் தட்டுப்பாடு. மூன்றாவதில் மனத்தின் குறைகள்: மகனைக் காணாத ஏக்கம், என் வீண் பிடிவாதம். முதல் வகையைக் கொத்தனாரும் தச்சரும் தீர்ப்பர். இரண்டாம் வகையில் தீராதன மிகுமாயின் வீடு மாறுவதே அறிவுடைமை. அடித்தளம் அமிழ்ந்த வீட்டையும், வெள்ளம் பாயும் வழியில் நிற்கும் வீட்டையும் பாசத்தால் தாங்க இயலாது. மூன்றாம் வகையோ புதுவீட்டிற்கும் நம்முடனேயே வந்துவிடும்.

செலவையும் எழுதினோம். 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டில் பதிவுக் கட்டணம் நான்கு விழுக்காட்டிலிருந்து இரண்டாகக் குறைந்தது. ஆயினும் முத்திரைத் தீர்வை ஏழு விழுக்காட்டையும் சேர்த்தால், 40 லட்ச ரூபாய் வீட்டிற்கு 3,60,000 ரூபாய் ஆகின்றது. இத்தொகையால் ஒரு செங்கல்கூட எழும்பாது. வீடு வாங்க எண்ணுவோர் விலையை மட்டும் நோக்கி இதனை மறந்துவிடுகின்றனர்.

பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டினோம். சுவர் உறுதி என்றும், கூரைச் சட்டங்கள் இரண்டைக் கறையான் அரித்துள்ளது என்றும் அவர் சொன்னார். சட்டங்களை மாற்றி ஓடு பிரித்து மேய்ந்தோம். படுக்கையறையை ஒட்டிக் குளியலறை எழுந்தது. அதன் தரை வழுக்காதது. சுவரில் கைப்பிடி உண்டு. பொடக்காளியின் மூன்று படிகளும் நீங்கி, ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டடி நீளமான சரிவு அமைந்தது.

நீருக்கும் வழி இருந்தது. ஒரு சதுர மீட்டர்க் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். எங்கள் பகுதியில் ஆண்டு மழை ஏறத்தாழ 600 மில்லிமீட்டர். 100 சதுர மீட்டர்க் கூரையில் 60,000 லிட்டர் விழும். ஒரு பகுதி வீணானாலும் எஞ்சுவது சிறிதன்று. மழைநீர்ச் சேகரிப்பு 2003இலேயே தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்டது. அக்கணக்கை வகுப்பில் நடத்திய நான், என் கூரைக்குக் குழாய் வைக்க இத்தனை ஆண்டுகள் ஆயின.

இரைச்சல் குறையவில்லை, அதைப் பொறுத்துக்கொள்வதென்று மூவரும் இசைந்தோம். மகன் ஞாயிறுதோறும் வருகின்றான். முதுமை மேலும் தளர்த்தும் நாளில் நாங்கள் அவனிடம் போகவும் கூடும். "விடேன்" என்ற பழைய சபதத்தை நான் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

எங்களுக்குப் பொருந்தியது எல்லோர்க்கும் பொருந்துமென்று சொல்லேன். பிள்ளைகளின் படிப்பிற்காகவோ மருத்துவத்திற்காகவோ வீடு மாறுவோர் செய்வதும் சரியே. ஆனால் எம்முடிவிற்கு வருமுன்னும், அவ்வீட்டில் மிகுதியாக உழைப்பவரை முதலில் கேளுங்கள். இப்பொழுது என் மனைவிக்குக் குளியலறை ஏழு எட்டுத் தொலைவு. அதனை எண்ணியவன் நான்தான். அவர் எண்ணுவதை விட்டுவிட்டார்.