ஸ்வீடனில் அந்நிய முதலாளி



ஸ்வீடனில் முதல் போட வரும் அந்நியக் கம்பெனிக்குக் கிடைப்பது என்ன? லாபத்தின் மீது 20.6 சதவிகித வரிதான். வடக்கே இரும்புத் தாது, ஆற்று நீரில் பிறக்கும் மின்சாரம், தேர்ந்த தொழிலாளர். குறைந்தபட்சக் கூலிச் சட்டங்கூட இல்லை! முதலாளிக்கு நாவூறாதா?

ஆனால் சட்டம் இல்லாத இடத்தில் சங்கம் நிற்கிறது. ஏறக்குறையப் பத்தில் ஒன்பது தொழிலாளருக்குக் கூட்டு ஒப்பந்தப் பாதுகாப்பு உண்டு. 1938ல் சால்ட்ஷோபாடனில் பெரிய முதலாளிகளும் சங்கத் தலைவர்களும் கைகுலுக்கியதை நாம் வர்க்க சமரசம் என்றே சொல்வோம். ஆயினும், ஒரு சங்கம் போராடினால் மற்றச் சங்கங்களும் அனுதாப வேலை நிறுத்தம் செய்யும் உரிமையை அங்குள்ள தொழிலாளர் விட்டுக் கொடுக்கவில்லை.

1995ல் அமெரிக்கப் பொம்மைக் கடைக் கம்பெனி டாய்ஸ் ஆர் அஸ் ஒப்பந்தம் போட மறுத்தது. சுமார் மூன்று மாத வேலை நிறுத்தத்துக்குப் பின் கையெழுத்திட்டது.

அடுத்து டெஸ்லா. 2023 அக்டோபர் 27ல் அதன் பட்டறை மெக்கானிக்குகள், ஐ.எப். மெட்டால் சங்கத்தினர், வேலை நிறுத்தத்தில் இறங்கினர். மொத்தமே நூற்றுச் சொச்சம் பேர்! துறைமுகத் தொழிலாளர் அதன் கார்களை இறக்க மறுத்தனர். தபால் தொழிலாளர் நம்பர் பலகைகளைப் பட்டுவாடா செய்யவில்லை. டென்மார்க் சங்கமும் கை கொடுத்தது. "பைத்தியக்காரத்தனம்" என்று சீறினார் எலான் மஸ்க்.

எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள் என்று நாம் மிகைப்படுத்த வேண்டாம். உள்ளே போய் வேலை செய்தோரும் உண்டு. கார் விற்பனையும் நிற்கவில்லை. பணபலம் அத்தகையது. 2025 அக்டோபரில் போராட்டம் இரண்டாண்டைத் தொட்டது. கம்பெனி அப்போதும் கையெழுத்திடவில்லை. சங்கமும் வேலை நிறுத்தத்தை வாபஸ் வாங்கவில்லை.