நோயும் பழியும்



இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986ஆம் ஆண்டில், சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டறிந்தனர். கிருமி காணப்பட்டது பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் இரத்தத்தில். ஆகவே நோயின் பழி முழுவதையும் பெண்ணின்மீதே சுமத்தினோம்.

உண்மை வேறு. நோயுற்ற பெண்களுள் மிகப் பலர் கணவனையன்றி வேறெவரையும் அறியாத இல்லத்தரசிகள். பிழைப்பை நாடிப் பிற மாநிலம் சென்ற ஆடவன், அங்கே தேடிக்கொண்ட நோயுடன் ஊர் திரும்புகிறான். அவன் படுத்தால் பணிவிடை செய்பவள் மனைவி. அவன் மறைந்தால், 'கணவனை விழுங்கியவள்' என்று துரத்தப்படுபவளும் அவளே. ஊரைவிட்டு வந்து வாழும் நாம் இதனைப் பிறர் கதையென்று தள்ளிவிடலாகாது.

2004 முதல் அரசு மருத்துவமனைகளில் இதற்குரிய கூட்டு மருந்து இலவசமாகவே வழங்கப்பட்டு வருகிறது. இடைவிடாது உட்கொள்வோர் நெடுநாள் வாழலாம். கிருமி முற்றிலும் அடங்கிய நிலையில் துணைவருக்கும் பரவாது. நோயுற்றவரைக் குடும்பத்தோடு வாழும் வீட்டினின்று விலக்கலாகாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டமும் கூறுகிறது.

மருந்தும் சட்டமும் வந்துவிட்டன. மாற வேண்டியது நம் மனம். ஊர் திரும்புமுன் நம் இரத்தத்தை நாமே சோதித்துக்கொள்வோம். அது மனைவிக்கு நாம் ஆற்றும் கடமை. நோயுற்று நிற்கும் கைம்பெண்ணைப் பழியாது, நம் வீட்டுத் திண்ணையில் அமர்த்தி உணவிடுவோம்.